‘தானா போகட்டும்’ என்பதற்கு முன்

டீயைக் குடிங்க, சொல்றேன். உங்க லேப்ரடாருக்குப் பன்னிரண்டு வயசு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, ஊசி போட்டு அனுப்பிடலாமான்னு யோசிங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா, “பாவம்டா, தானா போகட்டும்”கிறாங்க.

“தானா”ன்னா நமக்குத் தோணுறது, ராத்திரி படுத்து காலையில எழுந்திரிக்காத சாவு. கிட்னி நோயில அப்படி அமையறது அபூர்வம். ரத்தத்துல யூரியா ஏற ஏற வாந்தி. வாயெல்லாம் புண், தண்ணி குடிச்சாலே எரியும். கடைசியில வலிப்பும் வரலாம். நாள்கணக்குல இழுக்கும். அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க. கேட்ட பிறகும் வேண்டாம்னா, வாந்திக்கும் வலிக்குமாவது மருந்து வாங்கி வைங்க.

“நேரம் வந்தா அதுவே காட்டும்”னும் சொல்வாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. நாய் வலியை மறைக்கும். படுக்க முடியாம ராத்திரி பூரா இடம் மாத்தும், ஓடாமலே மூச்சு வாங்கும்; ஆனா உங்களைப் பார்த்தா வாலை ஆட்டும். பூனை இன்னும் மோசம், வலியிலயும் குர்குர்னு சத்தம் போடும்.

ஆலிஸ் வில்லலோபோஸ்னு அமெரிக்காவுல கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒருத்தர், 2004ல ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமாங்கிறது. ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க். 70ல 35க்கு மேல இருந்தா இன்னும் வச்சுப் பார்த்துக்கலாம். மார்க்கை நான் பெரிசா நம்ப மாட்டேன், பாசமுள்ள கை தாராளமாத்தான் போடும். ஏழாவதை மட்டும் பிடிச்சுக்குங்க. நல்ல நாள்னா எதுன்னு இப்பவே எழுதி வைங்க: வண்டிச் சத்தம் கேட்டா கேட்டுக்கு வருமே, மாடியில காக்கா விரட்டுமே, பிஸ்கட்டுக்கு உங்க முழங்காலைச் சுரண்டுமே, அதுதான். தினம் ராத்திரி காலண்டர்ல ஒரு டிக், இல்லைன்னா பெருக்கல் குறி. சலைன் ஏத்தின மறுநாள் கொஞ்சம் தெளியும். அந்த ஒரு டிக்கைப் பார்த்துத் தள்ளிப் போடாதீங்க. பெருக்கல் குறி கூடிட்டா டாக்டருக்கு போன் பண்ணுங்க, வலிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஊசிக்குச் சம்மதிக்க, பணம் தீர்றதும் ஒரு காரணம்தான். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

டாக்டர்கிட்ட ஒரே கேள்வி, கட்டாயம் கேளுங்க: “முதல்ல முழுசா மயக்கிடுவீங்களா?” சரியான முறைன்னா மயக்கம், அப்புறம் நரம்புல மயக்க மருந்தே அளவுக்கு மீறிப் போகும், சில நிமிஷத்துல இதயம் நின்னுடும். பொட்டாசியம் குளோரைடோ மெக்னீசியம் சல்ஃபேட்டோ போடுறதா இருந்தா, ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகுதான் போடணும். நினைவிருக்கும்போது போட்டா அது கொடுமை. கண் திறந்தேதான் இருக்கும், இதயம் நின்ன பிறகும் ஒரு மூச்சு இழுத்த மாதிரி தெரியலாம், சிறுநீர் போகும். முன்னாடியே தெரிஞ்சா பதற மாட்டீங்க.

குழந்தைங்ககிட்ட “ஊருக்கு அனுப்பிட்டோம்”னு சொல்லாதீங்க, வாசல்லயே காத்துக்கிட்டு இருக்கும்ங்க.

சொந்த மண்ணுல புதைக்கிறதா இருந்தா குழி ஆழமா இருக்கணும். மருந்து உடம்புலயே தங்கிடும். தெருநாய் தோண்டித் தின்னா அதுக்கும் ஆபத்து. குழி வெட்டுற ஆளுக்கு முந்தின நாளே சொல்லிடுங்க.