எத்தனை பேருக்கு எந்த வேன்? பயணத்துக்கு வாகனம் பேசுமுன் ஒரு கணக்கு

ஸ்பிரிங்வெளி மேல் பிரிவிலிருந்து மாதச் சாமான் வாங்க வரும் ஒரு பழைய வாடிக்கையாளர், சென்ற வாரம் பில்லுக்குக் காசு எண்ணிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "முதலாளி, மகன் கொழும்புல இருந்து லீவுல வர்றான். எல்லாருமா நுவரெலியா போயிட்டு வரலாம்ங்கிறான். ஒம்போது பேரு இருக்கோம். எட்டு சீட்டு வேன் ஒண்ணு மலிவா வருது. போதும்தானே?"

போதாது என்றேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. பெரிய வேன் பிடி என்று சொல்வது காசுள்ளவனுக்கு இலகு என்று அவர் நினைத்திருக்கக்கூடும். கடையில் நின்ற கூட்டத்தில் விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அன்று சொல்லாததை இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் பெருநாள் கழிந்த மறுநாளே குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்பதால் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் நாங்கள் பதினொரு பேர் நுவரெலியா போனோம். உம்மா, நான், மனைவி, தம்பி, அவர் மனைவி, தங்கை என்று பெரியவர்கள் ஆறு பேர். பிள்ளைகள் ஐந்து பேர். பெரிய வேனுக்குக் கேட்ட வாடகை அதிகமாகப்பட்டது. ஐயாயிரம் ரூபா குறைவாக ஒரு எட்டு ஆசன வேன் கிடைத்தது. பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தேன். வந்த சாரதி ஆட்களைப் பார்த்ததும், "முதலாளி, கூடிப் போச்சு" என்றார். "கிட்டத்தானே தம்பி" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். பேரம் பேசி வென்ற சந்தோஷம் எனக்கு.

ஏறும்போது ஏ.சி.யை நிறுத்தினார். ஹக்கல ஏற்றத்தில் என்ஜின் சூடு ஏறி, அரை மணித்தியாலம் வீதியோரம் நின்றோம். அதையும் சிரித்துக்கொண்டே சமாளித்தோம். திரும்பி இறங்கும்போது, கெப்பெட்டிபொலவுக்கு மேலே ஒரு கருகல் வாடை வந்தது. இரண்டு வளைவுகள் தாண்டியதும் சாரதி பிரேக்கை மிதிக்க, அது பஞ்சுபோல உள்ளே போய்விட்டது. நல்ல காலம், அவர் அனுபவசாலி. கியரைக் குறைத்து, பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைப்பக்கத்து மண் திட்டில் வேனை உரசி நிறுத்தினார். உம்மாவின் நெற்றி முன் ஆசனத்தில் மோதி நான்கு தையல் போட நேர்ந்தது. வீட்டுக்கு வர வேறொரு வேனுக்குப் பதினான்காயிரம் கொடுத்தேன். உம்மா அதற்குப் பிறகு மலைப் பாதையில் வேன் ஏறவில்லை. பண்டாரவளைக்குக்கூட ரயிலில்தான் போவார். அந்தப் பிழை வேன்காரருடையது அல்ல, என்னுடையது.

நம்மிடம் ஒரு விசித்திரம் இருக்கிறது. லொறியில் அரிசி ஏற்றும்போது எத்தனை மூட்டை என்று எண்ணுகிறோம், எத்தனை கிலோ என்று கேட்கிறோம், டயர் தாங்குமா என்று குனிந்து பார்க்கிறோம். குடும்பத்தை ஏற்றும்போது மட்டும் தலையை எண்ணுவதோடு சரி. அன்றைக்கு நான் ஏற்றிய பாரத்தை மூட்டைக் கணக்கில் பாருங்கள். சாரதியோடு பெரியவர்கள் ஏழு பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 420. பிள்ளைகள் ஐந்து பேர், சராசரி 30 கிலோ என்றால் 150. பிரியாணிச் சட்டி, தண்ணீர்க் கேன், பாய், கம்பளி உடுப்புப் பைகள் எல்லாம் ஒரு 80 கிலோ. மொத்தம் 650 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை பதின்மூன்று! எட்டுப் பேருக்கான வேனில் எட்டுப் பேரும் பெரியவர்களாகவே ஏறினாலும் 480 கிலோதான், பத்து மூட்டைகூட இல்லை. மிச்சம் மூன்று மூட்டைக்கு மேல் நான் திணித்தது, அதிலும் பெரும்பகுதி பின் சில்லுக்கு மேலே.

இப்போது தெருவெங்கும் ஓடும் சின்னஞ்சிறு ஜப்பான் வேன்களின் கதை இதைவிட இறுக்கம். அவை ஜப்பானின் சிறுவாகனச் சட்டத்துக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டவை. என்ஜின் 660 சி.சி.க்கு மேல் போகக்கூடாது, நீளம் 3.4 மீற்றருக்கு மேல் கூடாது, சரக்கு ஏற்றும் உச்ச அளவு 350 கிலோ. ஏழு மூட்டை. டவுனுக்குள் பார்சல் கொண்டுபோகவும், நாலு பேர் பசறைக்குப் போய்வரவும் அருமையான வாகனம். அதில் எட்டுப் பேரை அடைத்து நுவரெலியா ஏற்றுவது வாகனத்துக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

பாரம் சமதரையில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நம் ஊவாப் பாதைகளில்தான் காட்டும். பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். நுவரெலியா 1,870 மீற்றருக்குக் கிட்ட. வெலிமடை வழியாகப் போகும்போது ஏறத்தாழ 1,200 மீற்றர் ஏறுகிறோம். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். கடலோரத்தில் நன்றாக இழுக்கும் வேன், நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்தே ஓடுகிறது. பழைய டொல்பின் வேனுக்கும் அதற்குப் பின் வந்த கே.டி.எச்.சுக்கும் மலையில் தெரியும் வித்தியாசத்துக்கு டர்போ ஒரு முக்கிய காரணம்.

ஏற்றத்தில் பலம் குறைந்தால் தாமதம் மட்டும்தான் நட்டம். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. ஏற்றிய பாரம் முழுவதையும் பிரேக் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும். சூடேறிய பிரேக் கட்டைகளுக்குப் பிடி குறையும். பிரேக் ஒயில் பழையதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்த ஒயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், மிதித்தால் கால் உள்ளே போகும். எனக்கு நடந்தது இதுதான் என்று பிறகு கராஜில் சொன்னார்கள். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ, இறங்கும்போதும் கிட்டத்தட்ட அதே கியரில் இறங்குவதுதான் மலைச் சாரதிகளின் பழக்கம். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சொல்லும் சாரதியோடு போகாதீர்கள். அந்தக் கணக்கும் பிழை. கம்பியூட்டரில் ஓடும் இன்றைய என்ஜின், கியரில் இருந்து காலை எடுத்தால் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் சும்மா ஓட எரிபொருள் குடிக்கும்.

2025 ஆம் வருடம் நம் பகுதி கண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். நாம் வருடா வருடம் போய்வரும் பாதைகள் இவை.

சரி, எதைப் பிடிப்பது? நாலு பேர் என்றால் ஒரு கார் போதும். ஐந்து ஆசனக் காரில் ஐந்து பெரியவர்கள் மலையேறுவது பெயருக்குத்தான் சரி. ஆறு, ஏழு பேருக்கு எட்டு ஆசன வேன் பொருந்தும். ஒன்பது பேர் என்று வந்துவிட்டால் கே.டி.எச். அளவுக்குப் போய்விட வேண்டும். என் வழக்கம், கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணி, சாரதியைச் சேர்த்து, அதற்கு மேல் இரண்டு ஆசனம் மிச்சம் இருக்கும்படி பார்ப்பது. ஒன்று சாமானுக்கு, ஒன்று தலைசுற்றிப் படுக்கிறவருக்கு. கே.டி.எச்.சில் எல்லா வரிசையும் நிரம்பினால் பின்னால் பை வைக்க இடம் அனேகமாக இல்லை. கூரையில் கட்டலாம் என்பார்கள். கட்டினால் வளைவுகளில் வாகனம் அதிகமாகச் சாயும்.

வயதானவர் இருந்தால் படியின் உயரத்தையும் பாருங்கள். வழியில் தொழுகைக்கு இரண்டு தடவை, தேநீருக்கு ஒரு தடவை, பிள்ளைகளுக்காக எத்தனையோ தடவை இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு நடு வரிசையில் கதவோரத்து ஆசனம் கிடைக்காவிட்டால் பயணமே தண்டனை.

அதற்காகத் தேவைக்கு மேல் பெரிதாகவும் போகக்கூடாது. சாதாரண கே.டி.எச். நீளம் 4.7 மீற்றர். கோஸ்டரில் நீளமானது ஏழு மீற்றருக்குக் கிட்ட வரும். ஸ்பிரிங்வெளியிலிருந்து மேலே தோட்டத்துக்குள் போகும் வளைவுகளில் அது ஒரே தடவையில் திரும்பாது, லயத்துக்கு முன்னால் திருப்பவும் இடமிராது. பதினைந்து பேர் என்றால் நான் ஒரு பஸ்ஸைவிட இரண்டு வேன்களையே விரும்புவேன். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும்.

செலவைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றித் திரிவதோடு 150 கிலோமீற்றர் என்று வைப்போம். சின்ன வேன் கிலோமீற்றருக்கு 90 ரூபா என்றால் 13,500. பெரிய வேன் 120 என்றால் 18,000. வித்தியாசம் 4,500. ஒன்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 500 ரூபா. ஆனால் பேசும்போது கிலோமீற்றர் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். பதுளையிலுள்ள வேன் உங்கள் வாசலுக்கு வந்து, உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் தூரமும் சிலர் கணக்கில் சேரும். சாரதியின் பட்டா, சாப்பாடு, இரவு தங்கினால் அதற்குரிய தொகை எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காகிதங்களில் இரண்டு முக்கியம். பதிவுப் புத்தகத்தில் சாரதியோடு எத்தனை ஆசனம் என்று இருக்கும், அதுதான் சட்டப்படி கணக்கு. அடுத்தது காப்புறுதி. தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனை ஹயருக்கு ஓட்டி விபத்து நடந்தால், நட்டஈடு கேட்கும்போது வழக்காகிவிடும். வாடகைக்கு ஓடும் வாகனம் என்ற வகையில் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. கடைச் சரக்குக்கு வைத்திருக்கும் சின்ன லொறியில் பின்னால் பாய் விரித்துக் குடும்பத்தை ஏற்றும் நம் சகோதரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் ஹயருக்கு ஓடும் வேன்களில் வயதானவை அதிகம். பளபளக்கும் ஸீட் கவரைப் பார்த்து ஏமாறாமல், டயரையும் கடைசியாகப் பிரேக் பார்த்த திகதியையும் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, புறப்படும் நாள் காலையிலும் பாதை எப்படி என்று விசாரிப்பது நல்லது. சுற்றுப்பாதையில் போக நேர்ந்தால் கிலோமீற்றர் கூடும், அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பெருநாளை ஒட்டிய நாட்களில் நல்ல வேன்கள் எல்லாம் முன்கூட்டியே போய்விடும், மிஞ்சுகிறவை கேட்ட விலை கேட்கும். மூன்று வாரம் முந்தி முற்பணம் கொடுத்து, வாகன இலக்கத்தோடு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலக்கம் எழுதாவிட்டால் பேசியது ஒரு வேனும் வாசலில் நிற்பது வேறு வேனுமாக இருக்கும்.

அந்த ஸ்பிரிங்வெளி வாடிக்கையாளர் நேற்று மகனோடு கடைக்கு வந்திருந்தார். பெரிய வேன் பேசிவிட்டார்களாம். ஒரு ஆசனம் மிச்சம் இருப்பதால் பக்கத்து லயத்திலிருக்கும் அவர் அக்காவையும் கூட்டிப் போகலாமா என்று மகன் கேட்டான். பையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.