கடைசி நாற்பது மில்லிமீட்டர்

புதுச்சேரியில் விழுப்புரம் சாலையை ஒட்டி ஒரு பட்டறை. என் வண்டிக்கு பிரேக் பேட் மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட், முன்வீல் கழற்றப்பட்டு லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை விரலால் மேலே தள்ளினார். உள்ளேயிருந்து மஞ்சளாக ஏதோ பொலபொலவென்று அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது. அதை அந்த வண்டிக்காரப் பையனிடம் நீட்டினார்.

“இதுதான் தம்பி உன் சத்தம்.”

“ஸ்பிரிங்கு புதுசுண்ணே. போட்டு நாலு மாசம்தான் ஆவுது.”

“ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு. வேலை செஞ்சாத்தானே கெட்டுப்போவும்? வேலை பூரா இது பாத்திருக்கு.”

உதிர்ந்தது பம்ப் ஸ்டாப். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘பம்ப் ஸ்டாப்பர்’ என்றும் சொல்வார்கள். நுண்ணிய காற்றுக்குமிழ்கள் நிறைந்த பாலியூரித்தேன் நுரையால் ஆன, கைக்குள் அடங்கும் ஒரு துண்டு. காரை வாங்கியவர் பத்து வருடம் ஓட்டி விற்றாலும் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். வண்டியை ‘இறக்க’, அதாவது தாழ்வாக்க, ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் வாங்குவது நாலு குட்டை ஸ்பிரிங். அந்த ஆசைக்கு முதலில் விலை கொடுப்பது இந்த நுரைத் துண்டு.

ஏன் என்று பார்க்கலாம். சும்மா நிற்கும் ஒரு ஹேட்ச்பேக் காரின் முன்வீலுக்கு, மேடு வந்தால் மேலே ஏற மொத்தம் 80 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 40-ல் ஸ்பிரிங் தனியாக அமுங்கும். கடைசி 40-ல் பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்துகொள்ளும். குமிழ்கள் முதலில் மெதுவாக நசுங்கும், பிறகு போகப்போக இறுகும். அதனால் வீல் ‘டம்’ என்று இரும்பில் மோதாமல், பஞ்சில் தொடங்கிக் கட்டையில் முடிவதுபோல் நிற்கிறது. இப்போது 40 மில்லிமீட்டர் குட்டையான ஸ்பிரிங்கைப் போடுங்கள். தெருவில் சும்மா நிற்கும்போதே வண்டி பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் தனியாக விளையாடிய முதல் 40 காணாமல் போய்விட்டது.

“ஸ்பிரிங்கை விறைப்பாகப் போட்டால் சரியாகிவிடுமே” என்று கேட்கலாம். பள்ளிக்கூட இயற்பியலே பதில் சொல்லும். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், விறைப்போடு நேராகவும் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. தூரம் பாதியானால், அதே குழியின் அடியைத் தாங்க விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கூடுதல் விறைப்பு. நான்கு மடங்கு விறைப்பில் ஒரு காரைச் செய்தால் அதில் யாரும் காமராஜ் சாலையைக்கூடத் தாண்டமாட்டார்கள். ஆக மிச்சக் கணக்கு அந்த நுரைத் துண்டின் தலையில் விழுகிறது.

உடம்புக்கு இது எப்படித் தெரிகிறது? சாதாரணக் கார் தன் ஸ்பிரிங்கில் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மேலும் கீழும் அசையும்படி அமைக்கப்படுகிறது. ஏறக்குறைய நாம் நடக்கும் தாளம், உடம்புக்குப் பழகியது. பம்ப் ஸ்டாப் இறுகிய நிலையில் மொத்த விறைப்பு பத்து மடங்கு ஏறினால் அசைவின் வேகம் மூன்று மடங்குக்கு மேல் போகும், அதாவது நொடிக்கு நான்கு முறை. உட்கார்ந்திருக்கும் மனிதரை மேலும் கீழுமான அதிர்வு அதிகம் வதைப்பது நொடிக்கு நான்கு முதல் எட்டு வரை என்பது, அதிர்வு பற்றிய சர்வதேசத் தர அளவீடுகள் ஏற்றுக்கொண்ட உண்மை. அந்தத் தம்பியின் அம்மா பின்சீட்டில் உட்கார மறுத்துவிட்டாராம். காரணம் இந்தக் கணக்குதான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது சிட்ரோயனை நினைக்காமல் இருக்க முடியாது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரு வருடம் முழுதாக ஆகும் முன்பே, 1955 அக்டோபரில், பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோயன் டி.எஸ். காரின் திரை விலகியது. அதில் உலோகச் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. உருண்டைக்குள் அடைத்த நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து வண்டியைத் தாங்கின. பின்சீட்டில் நாலு பேர் ஏறினாலும் வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். நெம்புகோலை நகர்த்தினால் உயரும், இறங்கும். இன்று நம் பையன்கள் ஸ்பிரிங்கை மாற்றிச் செய்வதை அந்த வண்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்தது. ஆனால் ஓடும்போது வீல் ஏறியிறங்கும் தூரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முன்பே, 1948-ல் வந்த டூ-சி.வி. காருக்கு நிறுவனத் தலைவர் பூலாஞ்ஜே விதித்த நிபந்தனை பிரசித்தம்: உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனால் ஒன்றுகூட உடையக்கூடாது.

அதே நிறுவனம் 2021-ல் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியபோது கொண்டுவந்த முதல் கார் சி-5 ஏர்கிராஸ், நம் திருவள்ளூர் ஆலையில் பூட்டப்பட்டது. அதன் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டது என்ன தெரியுமா? ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் வைத்த ஹைட்ராலிக் மெத்தை. வீல் பயணத்தின் கடைசிச் சில சென்டிமீட்டரில் எண்ணெய் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து நிறுத்தும். பாரிஸில் பொறியாளர்கள் மூளையைக் கசக்கிச் செதுக்கிய அந்தக் கடைசித் தூரத்தைத்தான் நாம் ஆன்லைனில் காசு கொடுத்து ஒழிக்கிறோம்.

ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று, சத்தம் வருகிறது. அடுத்து என்ன? பம்ப் ஸ்டாப்பை வெட்டுவது. கேட்க முரட்டு வேலை போல இருந்தாலும் தவறில்லை. இழந்த தூரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பிழை எங்கே நடக்கிறதென்றால், கத்தி வைக்கும் இடத்தில். அந்தத் துண்டு ஒரு முனையில் குறுகி மெலிந்து, மறுமுனையில் தடித்திருக்கும். வெட்டச் சுலபம் மெலிந்த முனை. அதை அறுத்து எறிந்தால் போவது மிருதுவான பகுதி, மிஞ்சுவது கட்டை. அறுப்பதானால் தடித்த பக்கத்தில் ஒரு வளையம் அறுத்து, மெலிந்த முனையை முன்பிருந்த திசையிலேயே பொருத்த வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. அதைச் செய்யும் பொறுமை பல பட்டறைகளில் இல்லை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, வீலைப் பூட்டி, ஜாக்கியால் வீலை மேலே தூக்கிக்கொண்டே போக வேண்டும். பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கும்போது டயருக்கும் மட்கார்டின் உள்பக்கத்துக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பார்க்க வேண்டும். டயர் தகரத்தைத் தொடாமல் காவல் நிற்பதும் அந்தத் துண்டுதான். அளவுக்கு மீறி வெட்டினால் சத்தம் நிற்கும், அப்புறம் டயர் கிழியும்.

ஷாக் அப்சார்பரையும் விட்டுவிட முடியாது. பெயர் அப்படி இருந்தாலும் அடியை வாங்குவது ஸ்பிரிங்தான். வாங்கிய பிறகு துள்ளாமல் அடக்குவதே ஷாக்கின் வேலை. ஸ்பிரிங்கின் விறைப்பு 30 சதவீதம் ஏறினால் பழைய ஷாக்கின் அடக்கும் திறன் அந்த ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்ததற்குச் சமம். வண்டி ஒருமுறை துள்ளி நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு துள்ளல் கூடும். போதாக்குறைக்கு, ஸ்பிரிங் குட்டை, ஷாக் நெட்டை. ஜாக்கியில் தூக்கினால் ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து லொடலொடவென்று ஆடும். வண்டி ஒரு மேட்டில் துள்ளி இறங்கும்போது அது இடம் மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குட்டை ஸ்பிரிங்குக்குக் குட்டை ஷாக் என்பது செலவுக் கணக்கில் முதலிலேயே வந்திருக்க வேண்டிய வரி.

காசை மிச்சம்பிடிக்க ஸ்பிரிங்கையே கிரைண்டரால் அறுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். அது கணக்குப்படி சரிதான். ஆனால் அறுத்த முனை இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் வெல்டிங்கில் காய்ச்சிச் சுருக்கினாலோ, ஸ்பிரிங் எஃகு ஆலையில் பெற்ற பதமே போய்விடும். புதுச்சேரியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: பெயின்ட் உரிந்த எஃகைக் கடற்காற்று சும்மா விடாது. முதலில் துருவேறி உடைவது பெரும்பாலும் கீழ்ச்சுற்று.

இனி வருவது, எனக்கும் ஆரம்பத்தில் நம்பமுடியாமல் இருந்தது. வண்டி தாழ்ந்தால் வளைவில் குறைவாகச் சாயும் என்றுதானே தோன்றும்? முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் மாக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்புள்ள காரில் நேர்மாறாகவும் நடக்கலாம். இந்த அமைப்பைத் தொடர் உற்பத்திக் காரில் கொண்டுவந்தது ஃபோர்டின் 1950 கான்சல். நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் முன்பக்கம் இதுதான். வளைவில் உடல் சாய்வது ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றி, அதன் பெயர் ரோல் சென்டர். அது எங்கே இருக்கும் என்பதை, வீலைக் கீழ்ப்பக்கம் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சரிவு தீர்மானிக்கிறது. வண்டி இறங்கும்போது ஆர்மின் உள்முனை உடலோடு கீழே வருகிறது, வீல் பக்க முனை இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆர்ம் தலைகீழாகச் சரிந்துவிடுகிறது. அப்போது ரோல் சென்டர், வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. கூடிய இடைவெளி என்றால் நீண்ட கடப்பாறை. அதே வளைவில் வண்டியைச் சாய்க்க அதற்குக் கூடுதல் பலம்.

இதைத் திருத்தத்தான் தண்டு நீண்ட பால் ஜாயிண்டுகள் விற்கிறார்கள், ஆர்மின் வீல் பக்க முனையை மறுபடி கீழே கொண்டுவர. ஆனால் அதை மட்டும் மாற்றினால் பக்கத்தில் இருக்கும், ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடு சண்டைக்கு வரும். கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும் இரண்டு பேர் ஒரே தாளத்தில் கால் வைக்காவிட்டால் கட்டில் திரும்பிக்கொள்ளும் அல்லவா? லோயர் ஆர்மும் டை ராடும் அப்படி. ஒன்று ஒரு வட்டத்திலும் மற்றது வேறு வட்டத்திலும் அசைந்தால், மேட்டில் ஏறும்போதெல்லாம் நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே வீல் கொஞ்சம் திரும்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி தானாக மோப்பம் பிடித்து அலைவதாகச் சிலர் சொல்வது இதைத்தான். ஆகவே டை ராடு எண்டும் இறங்க வேண்டும். வண்டியின் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடும் புது உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும், இல்லாவிட்டால் பார் டிரைவ் ஷாஃப்டை நெருங்கலாம். வீல்களின் சாய்வு (கேம்பர்), திசை (டோ) எல்லாம் மாறியிருக்கும், அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு வழுக்கையாகும். பின்பக்கம் ஒற்றைக் குறுக்குச் சட்டம் உள்ள கார்களில் சரிசெய்ய அதிகம் எதுவும் இல்லை, கொடுத்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கலாம். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர், முன்வீலுக்கும் பின்வீலுக்கும் இடையே 2.45 மீட்டர். அகலமான அந்தத் தடையில் இரண்டு வீல்களும் மேட்டின் மீதே நிற்பதால், நடுமுகடு டயர்களைவிட ஏறத்தாழ 44 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்கும். 40 இறக்கிய வண்டியும் தட்டாது! தட்டுவது, தெருமுனையில் மிச்சமான கான்கிரீட்டைக் கொட்டி யாரோ எழுப்பும் ஒன்றரைச் சாண் அகலக் குட்டிச்சுவர். 15 சென்டிமீட்டர் உயரத்தில் அப்படி ஒன்று இருந்தால், 123 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள வண்டி எவ்வளவு மெதுவாகப் போனாலும் உரசும். நாலு பேர் ஏறினால் இன்னும் மூன்று சென்டிமீட்டர் வரை அமுங்கும். “எல்லாரும் இறங்கி அந்தாண்ட வந்து ஏறிக்குங்க” என்ற குரலைக் கேட்காத புதுச்சேரிக்காரர் உண்டா?

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். கூடவே, விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாட வேண்டிவரும்.

தொழிற்சாலைக்காரர்கள் எவ்வளவு இறக்குவார்கள்? கோவையின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் டியாகோ காரை வேகக்காரனாக மாற்றி ‘ஜே.டி.பி.’ என்று விற்றார்கள். டர்போ இன்ஜின், விறைத்த சஸ்பென்ஷன், அகன்ற டயர். பந்தயம் பழகிய கைகள் அவை. உயரத்தில் குறைத்தது நான்கு மில்லிமீட்டர்.

நம் பட்டறையில் அந்த ஜாக்கி சோதனை நடந்தது. மெக்கானிக் புது பம்ப் ஸ்டாப்பை வெட்டாமல் மாட்டி வீலைத் தூக்கினார். முழுக்க நசுங்கியபோது டயருக்கு மேலே சுண்டுவிரல் நுழையும் இடம். ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஒடித்ததும் அதுவும் இல்லை. உள்தகட்டில் ஏற்கெனவே டயர் தேய்த்த பளபளப்பு, பிறைநிலா வடிவத்தில். தம்பி குனிந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பழைய ஸ்பிரிங்கு இருக்கா?”

“மாடியில கெடக்குண்ணே. அம்மா அதும்மேலதான் துளசித் தொட்டிய வெச்சிருக்காங்க.”

“தொட்டிய நாளைக்கே இறக்கச் சொல்லு.”