அடைபட்ட நாய்க்கும் ஒரு வேலை வேண்டும்

நீராவி இஞ்சினில் அழுத்தம் ஏறி நிற்கும்போது இழுக்க வண்டி இல்லையென்றால் என்ன ஆகும்? பாதுகாப்பு வால்வு திறந்து ஆவி பீறிட்டு வெளியேறும். வால்வு இல்லையென்றால் பாய்லருக்கே ஆபத்து. காப்பகத்தில் அடைபட்ட நாயின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஓட, மோப்பம் பிடிக்க, தோண்ட, கடித்து மெல்ல அதற்கு இயற்கை கொடுத்த சக்தி உள்ளே நிறைந்திருக்கிறது. நான்கு சுவருக்குள் அதைச் செலவிட வழி இல்லை. அதற்கு நாம் வைக்கக்கூடிய எளிய வால்வுதான் விளையாட்டுச் சாமான்.

"பிள்ளைகளுக்கே பொம்மை வாங்க யோசிக்கிற காலத்தில் தெருநாய்க்குப் பொம்மையா?" என்று அன்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இது ஜீவகாருண்யம் மட்டுமல்ல, நம் பாதுகாப்பும் கூட.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு அரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்பது அதன் சாரம். நம் தீவுகளில் ரயில் இல்லை. ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் பேருந்து நிலையமும் இருக்கின்றன, நாய்களும் இருக்கின்றன. கடற்கரைகளில் ஆமை முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்பது இங்கே நெடுநாளைய கவலை. ஆக, நாய்களை அடைத்து வைக்கும் தேவை கூடத்தான் போகிறது. அடைத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு இரண்டையும் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகள் என்று அரசு ஆவணங்கள் குறித்து வந்துள்ளன. ஆனாலும் நாய் கடித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

கூண்டில் நாய்க்கு என்ன நேர்கிறது?

பழக்கமில்லாத இடம், பழக்கமில்லாத வாசனை, ஓயாத குரைப்பு. நாய்க்கூடங்களில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பட்டறையில் அந்தச் சத்தத்தில் வேலை செய்பவருக்குக் காதடைப்பான் கொடுக்கிறோம். நம்மைவிடக் கூர்மையான காது கொண்ட நாய்க்கு அது எப்படி இருக்கும்?

மன அழுத்தம் ஏறும்போது உடலில் கார்டிசால் என்ற சுரப்பு கூடும். 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் இது அதிகமாக இருப்பது தெரிந்தது. வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு: ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருதல், காலை ஓயாமல் நக்குதல், தீனி எடுக்காமை, மூலையில் ஒடுங்குதல், கம்பியைக் கடித்தல். இப்படிப்பட்ட நாயை வீட்டுக்கு அழைத்துப் போக யாரும் முன்வருவதில்லை. முன்வராததால் அது இன்னும் நாள்பட அடைபடுகிறது, இன்னும் கெடுகிறது. இந்த வட்டத்தை எங்காவது அறுக்க வேண்டும்.

ரப்பர் பொம்மை பிறந்த கதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் இருந்தது. கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு. ஒருநாள் அவர் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்க்கையில், சஸ்பென்ஷனில் இருந்து கழற்றிய ரப்பர் பாகத்தை நாய் எடுத்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் 1976-இல் 'காங்' என்ற பொம்மையை அவர் செய்யத் தொடங்கினார். உள்ளே குழிவான கெட்டி ரப்பர். அதில் தீனியை அடைத்துக் கொடுத்தால் நாய் நக்கியும் கடித்தும் உருட்டியும் சிறிது சிறிதாக எடுத்துத் தின்னும்.

அதன் மூலப்பொருள் இயற்கை ரப்பர். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பாலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2008-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கூண்டில் வைத்த நாய்களுக்கு இப்படித் தீனி அடைத்த பொம்மைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நடமாட்டம் கூடியது, குரைப்பு குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. தட்டில் வைத்த சோறு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதையே தேடி எடுக்க வைத்தால் மூக்கு, நாக்கு, மூளை எல்லாவற்றுக்கும் வேலை கிடைக்கிறது. மெல்லுவதும் நக்குவதும் நாயை அமைதிப்படுத்தும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

1. பழைய துண்டை விரித்து, தீனியைத் தூவி, பாய் போலச் சுருட்டிக் கொடுக்கலாம்.

2. அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய காகிதத்தோடு தீனியைப் போடலாம். பெட்டியில் கம்பிப் பின்னும் ஒட்டு நாடாவும் இருக்கக்கூடாது.

3. மூன்று அங்குல பிவிசி குழாயை ஓர் அடி நீளம் வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, தீனியைவிடச் சற்றுப் பெரிதாக ஐந்தாறு துளை இடலாம். பிசிரை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். நாய் மூக்கால் உருட்ட உருட்டத் தீனி விழும்.

4. உப்பும் வெங்காயமும் சேர்க்காத மீன் சாற்றை, முள் நீக்கிக் கிண்ணத்தில் உறைய வைத்துக் கொடுக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது அமிர்தம்.

5. ஒன்றும் இல்லையென்றால், தீனியைப் புல்லில் தூவிவிட்டாலே போதும். மோப்பம் பிடித்துத் தேடும்.

கவனிக்க வேண்டியவை

எந்தப் பொம்மையிலும் ஒரே ஒரு துளை மட்டும் வைக்கக்கூடாது. நாக்கு உள்ளே போய் வெற்றிடம் ஏற்பட்டுச் சிக்கிக்கொள்ளும். காற்று புக இன்னொரு வழி அவசியம். பொம்மை வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் இருக்க வேண்டும். விரிசல் கண்டதும் எடுத்துவிட வேண்டும். துணியைத் தின்னும் நாய்க்குத் துணி வேண்டாம்.

இங்கே தேங்காய் மலிவு என்று மட்டையையும் சிரட்டையையும் போடுவது வழக்கம். மட்டை நார் குடலில் அடைக்கும். சிரட்டைச் சில்லு வாயைக் கிழிக்கும். சமைத்த எலும்பு, வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவையும் ஆகாது.

ஒரு கூண்டில் இரண்டு நாய் இருந்தால் தீனிப் பொம்மையைப் பிரித்து வைத்தே கொடுக்க வேண்டும். இல்லையேல் சண்டை நிச்சயம். ஒரு நாயின் பொம்மையைக் கழுவாமல் இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் பரவும். மழை மாதங்களில் ஈரத்துணி பூஞ்சை பிடிக்கும். நன்கு உலர்த்த வேண்டும். தினமும் ஒரே பொம்மை என்றால் நாய்க்கும் சலித்துவிடும். மூன்று வகை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது.

பொம்மை மட்டும் போதாது. 2002-இல் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வில், மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை ஒலித்தபோது காப்பக நாய்கள் அமைதியாகப் படுத்திருந்தன. இரைச்சலான இசைக்குக் குரைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தினம் பத்து நிமிடம் ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுப்பதற்கு ஈடான பொம்மை இன்னும் எந்தக் கம்பெனியிலும் தயாராகவில்லை.

நம் பிள்ளைகள் விடுமுறையில் பழைய துண்டு, அட்டைப்பெட்டி, குழாய்த் துண்டு இவற்றைச் சேர்த்து வைக்கட்டும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரைக் கேட்டு, பெரியவர்கள் துணையோடு, கம்பிக்கு வெளியே நின்றே கொடுக்கப் பழகட்டும். அந்த நாய்களில் ஒன்றிரண்டாவது சாந்தமாகி ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால், காப்பகத்தில் ஒரு கூண்டு காலியாகும். தெருவில் நிற்கும் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும்.