காரைக்கால் பஸ்ஸுக்குள்ளே ஒரு பஸ் ஸ்டாண்ட்!

கணிப்பொறியியல் பிரிவு, மூன்றாம் ஆண்டு



முத்தியால்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்கு நீங்கள் எல்லோருமே பஸ்ஸில் போயிருப்பீர்கள். புறப்படுவது புதுச்சேரி. கொஞ்ச தூரத்தில் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையமும் தமிழ்நாடுதான். அதைத் தாண்டினால் பிள்ளைச்சாவடி, மறுபடியும் புதுச்சேரி! நம்மில் பலர் லேட்டரல் என்ட்ரியில் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று ஏங்கும் கல்லூரி (2020 முதல் அது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கு நடுவில் ஒரு மாநிலம் வந்து போனதே தெரியாது. ஏறினார், இறங்கினார், இரண்டும் நம்ம ஊர். அவ்வளவுதான்.

டனல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த பஸ் பயணத்தைத்தான் சொல்வேன்.

இது காலாப்பட்டோடு முடிகிற கதையும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நம் பிரதேசமே நாலு துண்டு. காரைக்கால் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர். யானம் ஆந்திராவில், காக்கிநாடா பக்கத்தில், கோதாவரிக் கரையில். மாஹே அந்தப் பக்கம் அரபிக் கடலோரம், கேரளாவுக்கு நடுவே வெறும் 9 சதுர கிலோமீட்டர். 1954 நவம்பர் 1 முதல் நாலும் இந்திய நிர்வாகத்தில் ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல் நடந்தது. கடற்கரைச் சாலையில் இருக்கிற தலைமைச் செயலகத்துக்கு மாஹேயும் யானமும் ‘கிளை அலுவலகம்’ மாதிரி. கிளைகளை எப்படி இணைப்பது என்பது மற்ற ஊர்க்காரருக்குப் பாடப்புத்தகக் கேள்வி. நமக்கு அது வீட்டுக் கேள்வி!

அரசாங்கத்துக்கு ஒரு வழி இருந்தது. 2005 மார்ச்சில் மத்திய அரசு ‘ஸ்வான்’ என்ற மாநில அளவிலான வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்த மதிப்பு 3,334 கோடி ரூபாய். தலைநகரிலிருந்து மாவட்டம், வட்டாரம் வரை குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இணைப்பு என்பது திட்டம். அரசுக்குக் கட்டுப்படியாகும். நாலு ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிற முதலாளிக்கு? ஊருக்கு ஊர் தனி லீஸ்டு லைன் எடுத்தால் பாராசிட்டமால் விற்று வாடகை கட்ட முடியாது. ஆனால் சாதாரண இன்டர்நெட் எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்கிறது. அதையே பொது ரோடாக வைத்துக்கொண்டு நம் பஸ்ஸை விடலாமே! அதுதான் டனல்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அலுவலகத்துக்குள் கணிப்பொறிகளுக்கு நாம் கொடுக்கும் முகவரி 10ல் தொடங்கும், அல்லது 192.168ல் தொடங்கும். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 இந்த முகவரிகளைத் தனியார் உபயோகத்துக்கு என்று ஒதுக்கியது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனாலேயே இன்டர்நெட்டில் இவை செல்லாது. “காந்தி வீதி, 10ஆம் நம்பர்” என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் எந்த ஊர் காந்தி வீதிக்குப் போகும்? அதே கதைதான்.

எனவே அந்தக் கடிதத்தை அப்படியே இன்னொரு பெரிய உறையில் போடுகிறோம். வெளி உறையில் அனுப்புநர் காரைக்கால் ரூட்டரின் வெளி முகவரி, பெறுநர் புதுச்சேரி ரூட்டரின் வெளி முகவரி. நடுவில் இருக்கும் ரூட்டர்கள் வெளி உறையை மட்டும் பார்த்து அனுப்பிவிடும். புதுச்சேரியில் உறையைக் கிழித்தால் உள்ளே நம் கடிதம் அலுங்காமல் குலுங்காமல் இருக்கும். இப்படி உறை போடும் முறைகளில் மிகவும் புழங்குவது ஜி.ஆர்.இ. 1994 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1701 ஆக வெளிவந்தது. உறையின் எடை 24 பைட். வெளி ஐ.பி. தலைப்புக்கு 20, ஜி.ஆர்.இ. தலைப்புக்கு 4. இந்த 24ஐ மறக்காதீர்கள், பின்னால் நம்மை உதைக்கப் போகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஜி.ஆர்.இ. உறை ஒட்டாத உறை. அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகையை புக் போஸ்ட்டில் அனுப்புவார்களே, அது மாதிரி வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். அரக்கு முத்திரை வைக்க ஐபிசெக் வேண்டும். “அப்படியானால் ஐபிசெக் ஒன்றே போதாதா?” என்று நானும் கேட்டேன். போதாது. ரூட்டர்கள் தங்களுக்குள் நலம் விசாரிக்கும் ஹலோ செய்திகளை 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்புகின்றன. பழைய பாணி ஐபிசெக்கில் மல்டிகாஸ்ட்டுக்கு இடமில்லை. ஆகவே ஜி.ஆர்.இ. உறையில் போட்டு அதற்குமேல் ஐபிசெக் அரக்கு வைப்பது வழக்கம்.

இப்போது ரூட்டிங். எந்த ஊருக்கு எந்த வழி என்று ஒவ்வொரு ரூட்டரிலும் கையால் எழுதி வைப்பது ஸ்டேட்டிக். வழி அடைபட்டால் அதற்குத் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு மாஹேயில் லைன் போனால் யார் எழுந்துபோய் மாற்றி எழுதுவது? ரூட்டர்களே பேசி முடிவு செய்துகொள்வது டைனமிக்.

நம்ம பி.ஆர்.டி.சி. பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்காலுக்குக் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழி. மழைக் காலத்தில் எதிரே வரும் டிரைவர் கையைக் காட்டி, “அண்ணே, முன்னாடி தண்ணி, போகாதீங்க” என்கிறார். அவருக்கு யார் சொன்னது? இன்னொரு டிரைவர். ‘ரிப்’ என்ற பழைய முறை இப்படித்தான். 30 நொடிக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பும், 15 கண்ணிக்கு மேல் தாங்காது. ஓ.எஸ்.பி.எஃப். அப்படியல்ல. எந்த ரோடு இருக்கிறது, எது அடைபட்டது என்று எல்லா டிரைவரிடமும் ஒரே முழு வரைபடம் இருக்கும். அதை வைத்துக் குறைந்த செலவில் போகும் வழியை அவரவரே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கணக்கு டைக்ஸ்ட்ராவுடையது. 1956ல் ஆம்ஸ்டர்டாமில் காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார், 1959ல் அச்சில் வந்தது. (நேரு வீதி காபி ஹவுஸில் நாம் எத்தனை இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறோம்! ஒன்றும் உதிக்கவில்லை.)

ஹலோ 10 நொடிக்கு ஒன்று. தொடர்ந்து 40 நொடி சத்தம் இல்லையென்றால் அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த வழியைப் பிடிக்கும். அருமையான ஏற்பாடு. இந்த அருமையான ஏற்பாட்டை நான் ஒரே வரியில் குட்டிச்சுவர் ஆக்கிய கதையை இனி சொல்கிறேன்.

பயிற்சிக்காகப் போயிருந்தது மருந்துக் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாமே. தலைமை அலுவலகம் புதுச்சேரியில். பில் போடும் சர்வரும் இங்கேதான். காரைக்கால் கடையில் ஒரு அட்டை மாத்திரை விற்றாலும் இங்கே வந்துதான் பில் போட வேண்டும். அங்கே இருந்த சீனியர் அண்ணன் ஸ்டேட்டிக்கை எடுத்துவிட்டு ஓ.எஸ்.பி.எஃப்.க்கு மாற்றிக்கொண்டிருந்தார். காரைக்கால் பக்கத்தை அவரே செய்து முடித்துவிட்டு, “தம்பி, ஹெட் ஆபீஸ் பக்கம் நீ போடு” என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போனார்.

எந்தெந்த நெட்வொர்க்கை ஓ.எஸ்.பி.எஃப். அறிவிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். எனக்குச் சோம்பல். இன்டர்நெட்டில் பார்த்தது ஞாபகம் வந்தது. 0.0.0.0 என்று போட்டால் எல்லாமே சேர்ந்துவிடும்! போட்டேன். சில நொடிகளில் அந்தப் பக்கத்தோடு உறவு ‘ஃபுல்’ என்று காட்டியது. வெற்றி என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

டீ பாதி குடிப்பதற்குள் போன். காரைக்கால் கடையில் பில் திறக்கிறதாம், உடனே செத்துவிடுகிறதாம். மறுபடி திறக்கிறதாம், மறுபடி சாகிறதாம். இன்சுலின் வாங்க வந்த பெரியவர் முக்கால் மணி நேரமாக நிற்கிறார் என்று கடைப் பெண் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஓடிவந்து பார்த்தேன். டனல் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. ரிகர்சிவ் ரூட்டிங் காரணமாக டனல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது என்று ரூட்டர் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் பிடித்துக் காரைக்காலுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணன் வந்தார். திட்டவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “காரைக்கால்லேர்ந்து இங்க வர்ற பஸ், அந்த ஊர் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து தான கெளம்பணும்? நீ என்னாப்பா பண்ணியிருக்க, பஸ் ஸ்டாண்டே பஸ்ஸுக்குள்ள இருக்குன்னு போர்டு எழுதி வெச்சிருக்க. பஸ்ல ஏறணும்னா மொதல்ல பஸ்ல ஏறணும். எவன் ஏறுவான்?”

நடந்தது இதுதான். காரைக்கால் ரூட்டர் நமது வெளி முகவரிக்கு உறை அனுப்ப வேண்டும். அதற்கு அங்கே இருந்த வழி, ‘மற்ற எல்லா ஊருக்கும் இந்தப் பக்கம்’ என்ற பொதுப் பலகை மட்டும். என் சோம்பேறி வரி, உள் நெட்வொர்க்கோடு சேர்த்து நம் வெளி முகவரி இருக்கும் நெட்வொர்க்கையும் டனல் வழியே அறிவித்துவிட்டது. ரூட்டருக்கு ஒரு குணம் உண்டு. பொதுப் பலகையும் குறிப்பான பலகையும் இருந்தால் குறிப்பானதைத்தான் நம்பும். ஆகவே டனலின் மறுமுனைக்குப் போக டனலுக்குள் போ என்று அது தீர்மானித்தது. உறைக்குள் உறை, அதற்குள் உறை... முடிவே இல்லை. அதைக் கண்டுகொண்ட ரூட்டர் டனலை மூடும். மூடியவுடன் அந்தத் தப்பான வழி மறைந்து பொதுப் பலகை திரும்பிவரும். டனல் மறுபடி எழும். என் வரி மறுபடி பொய் சொல்லும். இப்படியே விடிய விடிய.

மருந்து ஒரு நிமிட வேலை. என் வரியை நீக்கிவிட்டு உள் நெட்வொர்க்கையும் டனலையும் மட்டும் எழுதினோம். தப்பு நம் பக்கம் என்பதால் காரைக்காலுக்கு யாரும் போக வேண்டியிருக்கவில்லை. கூடவே காரைக்கால் ரூட்டரில், நமது வெளி முகவரிக்கு மட்டும் அந்த ஊர் இன்டர்நெட் கம்பெனி வழி என்று ஒரு ஸ்டேட்டிக் வரியும் அண்ணன் சேர்த்தார். பொது ரோடு ஸ்டேட்டிக், அதன்மேல் ஓடும் நம் பஸ் டைனமிக், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. டனல் தூரத்து ஊரைப் பக்கத்து வீடு மாதிரிக் காட்டுகிறது. ஆனால் ரோடு ரோடுதான், அது எங்கும் போய்விடவில்லை. பெரியவர் இன்சுலினோடு போனார் என்று கடைப் பெண் பிறகு போனில் சொன்னார்.

மறுநாள் இன்னொரு உதை. பில் ஓடுகிறது, பிங் போகிறது, ஆனால் விலைப்பட்டியல் ஃபைல் மட்டும் பாதியில் தொங்குகிறது. இது அந்த 24 பைட்டின் வேலை. வழக்கமான பாக்கெட் 1500 பைட் வரை இருக்கும். உறை போட 24 போனால் உள்ளே 1476தான் கொள்ளும். ஐபிசெக் அரக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும். சின்னக் கடிதம் தபால் பெட்டி வாயில் நுழைந்துவிடும், பெரியது சிக்கும். “பெரிசா இருக்கு, சின்னதாக்கி அனுப்பு” என்று திரும்பி வரவேண்டிய ஐ.சி.எம்.பி. செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தின்றுவிட்டது. டனலில் எம்.டி.யு. 1400, டி.சி.பி. எம்.எஸ்.எஸ். 1360 என்று வைத்தவுடன் சரியானது. பிங் போகிறது என்று யாராவது மார் தட்டினால் 1500 பைட் பிங் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளைகள் கூடினால் என்ன? நாலு ஊரும் ஒன்றோடொன்று நேரடியாக இணைய 6 டனல் வேண்டும். 20 ஊர் என்றால் 190! அதனால் எல்லாக் கிளையையும் தலைமையோடு மட்டும் இணைப்பது வழக்கம். மாஹே பாக்கெட் யானம் போக வேண்டுமானால் புதுச்சேரி வந்துதான் போகும், ஃபைல்கள் தலைமைச் செயலகம் வந்து போவதைப் போல. டி.எம்.வி.பி.என். என்ற முறையில் மட்டும், கிளைகள் தலைமையிடம் முகவரி கேட்டுக்கொண்டு தேவையானபோது நேரடி டனல் போட்டுக்கொள்ளும்.

இனி புயல். தலைமை அலுவலகத்துக்கு இரண்டு ஃபைபர் லைன், இரண்டு கம்பெனி. இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் காசுக்குக் கேடு என்று அண்ணன் சண்டை போட்டு, இரண்டாவதைப் பின் தெரு வழியாக இழுக்கச் சொல்லியிருந்தார். காரைக்காலிலிருந்து ஒவ்வொரு லைனுக்கும் ஒரு டனல், இரண்டாவதற்கு ஓ.எஸ்.பி.எஃப். செலவு அதிகம். 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஞாயிறு விடிந்தபோது நம்ம ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும், ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. அலுவலகத்தின் முன் தெருவில் மரம் சாய்ந்து கம்பத்தோடு முதல் லைன் போயிருந்தது. காரைக்கால் கடையோ காலையில் வழக்கம்போலத் திறந்து பில் போட்டுக்கொண்டிருந்தது! லைன் மாறியதே அவர்களுக்குத் தெரியாது. ராத்திரி யாரும் எதையும் தொடவில்லை என்பது லாகில் இருந்தது. முதல் டனல் செத்து 40 நொடியில் இரண்டாவது.

சாயந்திரம் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. பங்க் வரை முழங்கால் தண்ணீர். சர்வர் படுத்தது, எல்லாக் கிளையும் பில் புத்தகத்தைக் கையில் எடுத்தன. டைனமிக் ரூட்டிங் டீசல் வாங்கி வராது!

நம் லேபில் பேக்கெட் டிரேசர் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் என்று நாலு ரூட்டர், நடுவில் இன்டர்நெட்டுக்கு ஒரு ரூட்டர் போடுங்கள். ஜி.ஆர்.இ.யும் ஓ.எஸ்.பி.எஃப்.பும் அதிலேயே ஓடும். எல்லாம் சரியாக ஓடிய பிறகு என் 0.0.0.0 வரியை வேண்டுமென்றே போட்டு, காரைக்காலில் ரூட்டிங் டேபிளைத் திறந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் பஸ்ஸுக்குள் ஏறுவது கண்ணால் தெரியும். சந்தேகம் வந்தால் மதியத்தில் நானும் அங்கேதான் இருப்பேன், ஜன்னல் ஓரம் மூன்றாவது மெஷின்.