பதினேழு பவுண் கறை: கென்னி ஸ்டுவர்ட்டும் மலையோட்டமும்

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டம் என அழைக்கப்படும் மலைப்பிரதேசத்தில் கோடைகாலக் கிராம விளையாட்டு விழாக்கள் நடப்பதுண்டு. மல்யுத்தம், வேட்டைநாய்களின் ஓட்டம், பந்தயம் பிடிப்போரின் கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே இளைஞர்கள் எதிரே தெரியும் குன்றின் உச்சிக் கொடியைச் சுற்றிவிட்டுக் கீழே பாய்ந்து வருவார்கள். கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வென்றவருக்குச் சில பவுண்கள் கிடைக்கும். த்ரெல்கெல்ட் கிராமத்தைச் சேர்ந்த, தோட்டவேலை செய்து வாழ்ந்த கென்னி ஸ்டுவர்ட் 1970களில் இப்படித்தான் ஓடத் தொடங்கினார்.

அந்தச் சில பவுண்களே பின்னர் பிரச்சினையாயின. பணம் வாங்கியவர் 'தொழில்முறை' ஓட்டக்காரர். அவர் 'அமெச்சூர்' போட்டிகளில் கால் வைக்க முடியாது. பென் நெவிஸ், ஸ்னோடன் போன்ற பெருமலைகளில் நடக்கும் நீண்ட ஓட்டங்கள் அனைத்தும் அமெச்சூர்களுடையவை. ஒரே மலை, ஒரே சேறு. ஆயினும் இரண்டு சாதிகள் போல இரண்டு உலகங்கள்.

இப்பிரிவினை விளையாட்டின் தூய்மை பற்றிய அக்கறையில் மட்டும் பிறந்ததல்ல. 1866இல் லண்டனின் அமெச்சூர் தடகளக் கழகம் வகுத்த வரைவிலக்கணம் பணம் வாங்கியவரை மட்டுமன்றி கைவினைஞரையும் கூலித் தொழிலாளியையும் வெளியே நிறுத்தியது. உடலுழைப்பால் வாழ்பவன் கனவானுடன் ஓடக்கூடாது என்பதே அதன் பொருள். 1880இல் ஒக்ஸ்போர்டில் அமைக்கப்பட்ட அமெச்சூர் தடகளச் சங்கம் அவ்வர்க்க வாசகத்தைக் கைவிட்டது. பணத்தின் மீதான தடையை வைத்துக்கொண்டது. சம்பளம் இழக்காமல் பயிற்சி செய்யக்கூடியவனுக்கு அத்தடை சுமையில்லை. தோட்டக்காரனுக்கோ ஒரு சனிக்கிழமைப் பரிசு கொஞ்சமேனும் கூலிதான்.

இதன் கொடுமைக்கு ஜோன் டரன்ட்டின் கதையே போதும். 1950ஆம் ஆண்டளவில், பதின்ம வயதில், குத்துச்சண்டையில் அவர் பெற்றது மொத்தம் 17 பவுண். அதை மறைக்காமல் சொன்னதற்காக ஓடத் தடை விதிக்கப்பட்டது. 1956 முதல் அவர் இலக்கமில்லாமல் போட்டிகளில் திடீரெனப் புகுந்து ஓடினார். பத்திரிகைகள் 'பேய் ஓட்டக்காரர்' என்றன. 1958இல் உள்நாட்டில் ஓட அனுமதித்தார்கள். பிரித்தானியாவுக்காக வெளிநாட்டில் ஓட மட்டும் சாகும்வரை, அதாவது 1975 வரை, அனுமதிக்கவேயில்லை.

ஸ்டுவர்ட்டுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. காலம் மாறிக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அவர் அமெச்சூராக மீள ஏற்றுக்கொள்ளப்பட்டார். (மன்னிப்பு வழங்குவோரின் வாசலில் விண்ணப்பத்துடன் காத்திருப்பது என்னவென்று இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) விமானப்படையைச் சேர்ந்த ஜோன் வைல்ட் 1981, 1982 ஆகிய இரு ஆண்டுகளும் பிரித்தானிய மலையோட்டச் சம்பியனாக இருந்தார். 1983இல் இருவருக்குமிடையே பருவம் முழுவதும் நீடித்த கடும் போட்டியின் முடிவில் பட்டம் ஸ்டுவர்ட்டிடம் வந்தது. 1984, 1985 பட்டங்களும் அவருக்கே.

குட்டைக் குன்றுகளில் பழகிய கால்கள் பெருமலையில் என்ன செய்யும் என்ற சந்தேகம் 1984 செப்டெம்பரில் தீர்ந்தது. கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து தொடங்கி 1,345 மீற்றர் உயர பென் நெவிஸின் உச்சியைத் தொட்டுத் திரும்ப அவர் எடுத்தது 1 மணி 25 நிமிடம் 34 செக்கன். ஏற்றத்தில் வெல்பவர் பலர். தளர்ந்த கற்களின் மேல் இறங்குவதிலேயே நேரம் தீர்மானமாகிறது. அதைத்தான் கிராமத்துப் பணப்பந்தயங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. கனவான்கள் கறை என்று கண்டது உண்மையில் ஒரு பள்ளிக்கூடம். அதே நாளில் பெண்கள் பிரிவில் போலின் ஹவோர்த் 1:43:25 என ஓடினார்; அவர் ஸ்டுவர்ட்டின் துணைவியானவர். அந்த நேரத்தை 2018இல் விக்டோரியா வில்கின்சன் வெறும் 24 செக்கன்களால் முந்தினார். ஸ்டுவர்ட்டின் நேரம் அப்போதும் நின்றது. 1985இல் ஸ்னோடனில் அவர் ஓடிய 1:02:29உம் முப்பது ஆண்டுகளைக் கடந்து நின்றது.

பின்னர் வீதிக்கு வந்தார். 1989இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2 மணி 11 நிமிடம் 36 செக்கனில் மரதன் ஓடினார். 1982இலிருந்து உலக அமைப்பே நிதியங்கள் வழியாக ஓட்டக்காரர் பணம் பெற இடமளித்திருந்தது. 2001இல் தன் பெயரிலிருந்தே 'அமெச்சூர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் அவருடைய உடல்நலம் கெட்டது. இன்னும் வேகமாக ஓடியிருக்கக்கூடிய வயதில் போட்டிகளை விட்டார்.