பராமரிப்புப் பிரயாணம்

ஓசூரில் யந்திரசாலைகள் பெருகியிருப்பது நமக்குப் பெருமையே. தொழிலாளரை ஆலைக்கு அழைத்துச் செல்லப் பல கம்பெனிகள் வண்டி விடுகின்றன. ஆனால் குழந்தையைப் பால்வாடியில் விட்டு, ரேஷன் கடைக்கும் வைத்தியசாலைக்கும் போய்வரும் பிரயாணத்தைக் கணக்கில் சேர்ப்பார் அரிது. ஸ்பெயின் தேசத்து அறிஞர் இனெஸ் சாஞ்செஸ் தெ மதாரியாகா இதனைப் பராமரிப்புப் பிரயாணம் எனப் பெயரிட்டுத் தனியே எண்ணச் சொன்னார். 2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, வீட்டாரைப் பராமரிப்போரில் பெண்கள் தினம் 134 நிமிஷமும் ஆண்கள் 76 நிமிஷமும் செலவிட்டனர். பாரம் யார் தலையில் என்பது வெளிப்படை.

2021 மே 8 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது பேருதவியே. ஆயினும் நோயாளியுடன் சுமார் 40 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூர் நிம்ஹான்ஸுக்குச் செல்பவளுக்கு அது பயன்படவில்லை. 2023-ல் வந்த கர்நாடகத்தின் சக்தி திட்டமோ அம்மாநிலப் பெண்களுக்கே உரியது.

ஆண்களுக்கும் இதில் க்ஷேமமில்லை. தந்தையை வைத்தியத்துக்கு அழைத்துச் செல்லும் மகன் ஒருநாட் கூலியை இழக்கிறான். இரவு ஷிப்டு முடித்து, உறங்காத கண்களுடன் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். இலவசச் சீட்டு காசைக் காக்கும், உறக்கத்தைக் காக்காது.

ஆகவே, 2022-ல் திறக்கப்பெற்ற கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை வசதிகளை மேலும் பெருக்குக. பஸ் வேளையையும் வைத்திய வேளையையும் ஷிப்டுக்கு இணக்குக. நோயாளிக்குத் துணை செல்வோருக்கு இரு ராஜ்யங்களும் சலுகை அளிக்க. வீட்டில் ஆண்களும் முறைவைத்துப் பொறுப்பேற்க. நோய் எல்லை பார்த்து வருவதில்லை. சர்க்கார்கள் மட்டும் எல்லை பார்ப்பது நியாயமா?