மந்திரியின் நடை: ஓர் ஆட்டப் பாத்திரத்தின் வளர்ச்சி

விளையாட்டின் விதிகள் காலந்தோறும் மாறுகின்றன. ஆயினும் ஒரு பாத்திரத்தின் பெயரும் ஆற்றலும் ஒருசேர மாறுவதில்லை. சதுரங்கத்தில் அரசனை அடுத்து நிற்கும் மந்திரியைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் சதுரங்கத்தில் அரசனின் பக்கத்தில் நின்றவர் ஆலோசகரே ஆவார். பாரசீகர் அவரை 'ஃபர்சீன்' என்றும் அரேபியர் 'ஃபிர்சான்' என்றும் அழைத்தனர். மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்வதே அவரது நடை. ஆகவே 64 கட்டங்களுள் 32 கட்டங்களை மட்டுமே அவரால் எட்ட இயலும். ஒரு நகர்வில் அவருக்குக் கிட்டும் வாய்ப்பு நான்கிற்கு மேற்படாது.

இப்பாத்திரம் ஐரோப்பாவில் 'அரசி' ஆனதற்கான மிகப் பழைய சான்று, ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதப்பட்டு ஐன்சீடெல்ன் மடத்தில் கிடைத்த இலத்தீன் செய்யுளாகும். பெயர் மாறியதேயன்றி நடை மாறவில்லை. எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் புதிய நடை, 1475ஐ ஒட்டி வலென்சியாவில் இயற்றப்பட்ட செய்யுளொன்றில் வெளிப்படுகின்றது. 1497இல் வெளிவந்த லூசேனாவின் நூல் பழைய விதி, புதிய விதி இரண்டையும் காட்டுகின்றது. நடுக்கட்டத்தில் நிற்கும் அரசிக்கு இப்போது 27 கட்டங்கள் திறந்தன. பெயர் மாற்றத்திற்கும் ஆற்றல் மாற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தமையால், அரசி எனப்பட்டதாலேயே வலிமை வந்தது என்பது பொருந்தாது. மந்தமாக நகர்ந்த ஆட்டத்தை விரைவாக்கும் விருப்பமும் இதற்குக் காரணமாகலாம் என நாம் கருதுகின்றோம்.

நம் காலத்திலும் இத்தகைய வளர்ச்சியைக் காணலாம். 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், தொடக்க நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரமே உண்டு. அதனைச் செலவிட்டபின் அவருக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ சிறு மந்திரங்களை வரம்பின்றிக் கையாளலாம். இங்கு விதி வகுத்தோர் யாரென அறிவோம். மந்திரிக்கு நடை வகுத்தோர் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

இனி நம் சூழலுக்கு வருவோம். மலாய்ச் சதுரங்கத்தின் பழைய பெயர்களுள் 'மந்திரி', 'காஜா' ஆகியவை வடமொழி வழிவந்தவை. காலாளைக் குறிக்கும் 'பீடாக்' அரபுவழிச் சொல். கோட்டைக்குரிய பெயரோ 'தேர்', அது தமிழ்ச்சொல். தைப்பூச விழாவையொட்டி ஜார்ஜ் டவுன் வீதிகளில் நாம் வணங்கும் தேரின் பெயரே மலாய்ப் பலகையிலும் நிற்கின்றது. காய் அரசியின் நடையைப் பெற்ற பின்னரும் மலாய் வழக்கு 'மந்திரி' என்னும் பெயரைக் கைவிடவில்லை.

தமிழ் வழக்கோ வேறு திசையில் சென்றது. அரசனின் அருகே இன்று நம் மொழியில் 'அரசி' நிற்கின்றாள். 'மந்திரி', 'அமைச்சர்' என்னும் பெயர்கள், ஆங்கிலத்தில் 'பிஷப்' எனப்படும் காய்க்குப் பெயர்ந்துவிட்டன. அவ்விடம் முன்பு யானைக்குரியது. மலாயில் அது இன்றும் 'காஜா'தான்.

எனவே, பினாங்கில் இருமொழியிலும் சதுரங்கம் கற்கும் மாணவன், ஒரே சொல் இரு காய்களைக் குறிப்பது ஏன் என வினவுதல் இயல்பே. அவ்வினாவைப் பிழையெனத் தள்ளாமல், சொல் வரலாற்றைக் கற்பிக்கும் வாய்ப்பாக ஆசிரியர்கள் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் அடியொற்றிக் கலைச்சொல் ஆக்குவோமாயின், தமிழும் மலாயும் பகிர்ந்துகொண்ட இவ்வரலாறு பாடத்திலிருந்து மறைந்துவிடும்.